ஓடுற பிரான்சைஸ் கடைய வாங்குறோம், டிரான்ஸ்ஃபர் ஃபீஸ் யார் கட்டணும்?

கோவை_மச்சான்ஸ்:
வணக்கங்க. நானும் மச்சானும் சேந்து காந்திபுரம் பக்கம் ஓடிட்டு இருக்குற ஒரு பிரைடு சிக்கன் பிரான்சைஸ் கடைய எடுக்கலாம்னு இருக்கோம். அக்ரிமென்ட் 5 வருஷம், அதுல 3 வருஷம் ஓடிருச்சு. ஃப்ரையர், டீப் ஃப்ரீசர், கடை அட்வான்ஸ் எல்லாம் சேத்து விக்கிறவர் ஒரே ரேட்டா சொல்றாரு. கம்பெனில கேட்டா டிரான்ஸ்ஃபர் ஃபீஸ் தனி, ட்ரெய்னிங் தனி, அதுக்கு மேல ஜிஎஸ்டிங்கறாங்க. இத யாருங்க கட்டணும்? டோக்கன் பணம் இந்த வாரமே கேக்குறாரு.

பழைய_அவுட்லெட்:
டோக்கன் குடுக்காதீங்க தம்பி, மொதல்ல அவரோட அக்ரிமென்ட்ட முழுசா வாங்கிப் படிங்க. நம்ம நாட்டுல பிரான்சைஸுக்குன்னு தனிச் சட்டம் கிடையாது, அதனால யார் கட்டணும்னு அதுல எழுதியிருக்கறதுதான், எழுதலன்னா நீங்க ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணிக்கலாம். ஃபீஸ விட முக்கியம், கம்பெனி உங்களுக்கு மிச்சம் இருக்குற 2 வருஷத்த மட்டும் தருதா இல்ல புதுசா 5 வருஷம் போட்டுத் தருதாங்கறது. 2 வருஷம்தான்னா முடியறப்ப ரின்யூவல் ஃபீஸ் கேப்பாங்க, கடைய புது டிசைனுக்கு மாத்தச் சொல்லுவாங்க, போட்ட காச எடுக்கறதுக்குள்ள மறுபடி செலவு வந்து நிக்கும். சில அக்ரிமென்ட்ல அதே ரேட்டுக்கு கம்பெனியே வாங்கிக்கற உரிமையும் இருக்கும், அதையும் பாருங்க. கைமாத்த சம்மதம்னு கம்பெனி போன்ல சொன்னா பத்தாது, லெட்டர் வேணும்.

கணக்கு_பாக்குறவன்:
அந்த டிரான்ஸ்ஃபர் ஃபீஸுக்கு 18% ஜிஎஸ்டி வரும். நீங்க 5% ஜிஎஸ்டில ஓட்டுற ஓட்டல், இன்புட் (கட்டுன ஜிஎஸ்டிய திரும்பக் கழிச்சுக்கறது) எடுக்க முடியாது, அதனால அது உங்க கைக்காசுதான், பிராண்டு பேருக்காக கம்பெனிக்கு மாசாமாசம் கட்டுற ராயல்ட்டிக்கும் இதே கதை. இன்னொன்னு, பிசினஸ் கைமாறினா பழைய ஓனர் பாக்கி வச்ச ஜிஎஸ்டிக்கு வாங்குறவரும் சேந்து பொறுப்புன்னு ஜிஎஸ்டி சட்டம் 85வது பிரிவே சொல்லுது. ஸ்டாஃபோட பிஎஃப் பாக்கியும் அப்படித்தான். ரிட்டர்ன், பிஎஃப் சலான் எல்லாம் கேட்டு வாங்குங்க, கொஞ்சம் பணத்த பிடிச்சு வச்சுட்டு கடைசில செட்டில் பண்ணுங்க. எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பு) லைசென்ஸும் ஜிஎஸ்டி நம்பரும் உங்க பேர்ல புதுசா எடுக்கணும், அவரோடத வச்சு ஓட்டலாம்னு யாராச்சும் சொன்னா கேக்காதீங்க. புது நம்பர் வந்தாதான் ஸ்விகி, சொமேட்டோ பணம் உங்க அக்கவுண்டுக்கு வரும்.

ஆர்எஸ்புரம்_வாசி:
பில்டிங் ஓனர நேர்ல பாத்தீங்களா? அட்வான்ஸ் பழையவர் பேர்ல இருக்கும், ஓனர் எழுத்துல ஒத்துக்காம அது உங்க பேருக்கு வராது. ஆள் மாறுதுன்னாலே வாடகைய ஏத்திருவாங்க, லாபக் கணக்க அந்தப் புது வாடகைய வச்சுப் போடுங்க. விக்கிறவர் நாளைக்கே நாலு கடை தள்ளி சிக்கன் கடை போடக்கூடாதுன்னும் எழுதி வாங்கிருங்க. குட்வில்லோட (கடைக்கு இருக்குற நல்ல பேரோட) விக்கறப்ப ஞாயமான எல்லைக்குள்ள இப்படி கண்டிஷன் போட காண்ட்ராக்ட் ஆக்ட் 27வது பிரிவு இடம் குடுக்குது.

கோவை_மச்சான்ஸ்:
ரொம்ப நன்றிங்க எல்லாருக்கும். அக்ரிமென்ட் காப்பி இப்பதான் வாங்கினேன். டிரான்ஸ்ஃபர் ஃபீஸ் விக்கிறவர், ட்ரெய்னிங் வாங்குறவர்னு தெளிவா இருக்கு. ஆனா டைம் மிச்ச 2 வருஷம்தானாம்.

பழைய_அவுட்லெட்:
அப்ப புது 5 வருஷத்துக்கு கம்பெனிகிட்ட கேட்டுப் பாருங்க, சேல்ஸ் நல்லா இருக்குற கடைன்னா குடுப்பாங்க. முடியாதுன்னா 2 வருஷத்துக்கு உண்டான ரேட்ட மட்டும் பேசுங்க, அதுக்கு மேல ஒரு ரூபா குடுக்காதீங்க.