கரி அடுப்புப் புகை: வாயு போன பிறகும் மறதி ஏன்?

குன்னூர்வாசி:
குளிருக்குக் கதவைச் சாத்தி, கரி அடுப்பை அறைக்குள்ளேயே வைத்துத் தூங்கிவிட்டார் மாமா. மயங்கிக் கிடந்தவரை ஆஸ்பத்திரியில் சேர்த்து ஆக்சிஜன் கொடுத்தோம், இரண்டு நாளில் நன்றாகத்தான் வீட்டுக்கு வந்தார். மூன்று வாரம் ஆகிறது, இப்போது மறதி, நடையிலும் தடுமாற்றம். ரத்தத்தில் கார்பன் மோனாக்சைடு இல்லை என்றார்களே, அப்புறம் ஏன் இப்படி? வைட்டமின் சி மாத்திரை கொடுக்கலாமா?

இரவுப்பணி:
வாயு போய்விடும், சரிதான். வெறும் காற்றைச் சுவாசித்தால் ரத்தத்தில் அது பாதியாகக் குறைய 4, 5 மணி நேரம், முழு ஆக்சிஜனில் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம். ஆனால் அது ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினை மட்டும் பிடிப்பதில்லை, செல்லுக்குள் ஆற்றல் உண்டாக்கும் மைட்டோகாண்ட்ரியாவின் சைட்டோகுரோம் ஆக்சிடேஸ் என்ற நொதியையும் பிடிக்கிறது, அங்கே எலக்ட்ரான் ஓட்டம் தடைபட்டு சூப்பர்ஆக்சைடு என்ற, செல்லைச் சேதப்படுத்தும் ஆக்சிஜன் வடிவம் உண்டாகிறது, அது நைட்ரிக் ஆக்சைடோடு சேர்ந்தால் பெராக்ஸிநைட்ரைட் என்ற இன்னும் கடுமையான பொருள். ரத்தக்குழாய்ச் சுவரில் வெள்ளையணுக்கள் ஒட்டி, மூளையின் கொழுப்பு ஆக்சிஜனேற்றமாகிச் சிதைகிறது. எலிகளில் பார்த்தபோது, நரம்பு உறையின் மயலின் புரதமே உருமாறி, உடலின் எதிர்ப்புச் சக்தி அதையே தாக்கியது. அதற்கு நாள் பிடிக்கும். அதனால்தான் இந்த இடைவெளி.

மலைப்பாதை:
தாமதமாக வரும் இந்த நரம்புப் பாதிப்பு 40 நாள் வரைகூடத் தலைகாட்டலாம். மாத்திரையால் இது குணமாகும் என்று நிரூபணமாகவில்லை, அதை நம்பி நாளைக் கடத்தாதீர்கள். நரம்பியல் மருத்துவரிடம் நாளைக்கே கூட்டிப்போங்கள், புகை விஷயத்தையும் மறக்காமல் சொல்லுங்கள். பலருக்கு மாதக்கணக்கில் தேறிவருகிறது.

இரவுப்பணி:
இன்னொன்று, விரலில் மாட்டும் சாதாரண ஆக்சிமீட்டர் இந்த வாயுவையும் ஆக்சிஜன் என்றே கணக்கிடும். 98 காட்டினாலும் நம்பாதீர்கள்.