முதலுதவி வகுப்பு: இன்னும் உறுத்துகிற அனுபவம் இருந்தால் எழுதுங்கள்

ஒற்றைப்பொம்மை (ஓசூர்)
தனியாகப் பயிற்சி கொடுக்கிறவன். போன மழைக்காலம், சிப்காட்டில் ஒரு உதிரிபாகக் கம்பெனி. 20 பேர், ஒரு நாள் என்றுதான் பேச்சு. போனால் கேன்டீனில் 60 பேர். "ஆடிட் வருது சார், ரெண்டு மணி நேரத்துல முடிச்சிடுங்க" என்றார் எச்.ஆர். நெஞ்சை அழுத்திப் பழகுகிற பொம்மை கையில் ஒன்றே ஒன்றுதான். முன்வரிசையில் எட்டுப் பேர் அழுத்திப் பார்த்தார்கள். 60 சான்றிதழிலும் கையெழுத்துப் போட்டேன். மாட்டேன் என்றால் பாதிக் காசுக்கு வர வேறு ஆள் தயார். எங்களுக்காகப் பேச ஒரு சங்கமா இருக்கிறது?

பொம்மையைப் பையில் திணிக்கும்போது அசெம்பிளி லைன் அக்கா ஒருவர் வந்தார். "சார், நான் இதைத் தொடவே இல்ல. பேரு மட்டும் போட்டுட்டீங்க. நாளைக்கு யாராவது விழுந்தா என்னைத்தானே கூப்பிடுவாங்க?" மறுபடி வெளியே எடுத்துத் தரையில் போட்டேன். மண்டியிட்டு, சத்தமாக எண்ணிக்கொண்டே அழுத்தினார். 30 முடிவதற்குள் சைரன் அடித்துவிட்டது. ஓடினார்.

மாங்கூழ் (காவேரிப்பட்டணம்)
சீசன் நேரம், ஆவிக்குழாய் பட்டு ஒரு பையனுக்கு முன்கை வெந்துவிட்டது. சூப்பர்வைசர் ஓடிவந்து பற்பசையைப் பூசினார். "இதைத்தானே பூசச் சொல்லி கிளாஸ்ல சொன்னாங்க!" என்றார். ஆமாம், சொன்னார்கள். நானும் அதே வகுப்பில்தான் இருந்தேன். குழாயடி நாலு எட்டில். 20 நிமிடம் கையை ஓடுகிற தண்ணீரில் காட்டியிருந்தால் போதும். ஆஸ்பத்திரியில் அந்தப் பசையைத் துடைத்து எடுத்தபோது அவன் போட்ட சத்தம் இருக்கிறதே.

பழைய சேஃப்டி (ஓசூர்)
ஒற்றைப்பொம்மை, கோபித்துக்கொள்ளாதீர்கள். எச்.ஆர். கழுத்தில் கத்தியா வைத்தார்? கையெழுத்து உங்களுடையது. சங்கம் இல்லை என்பதெல்லாம் அப்புறம்.

1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 45ஆம் பிரிவு என்ன கேட்டது? 150 தொழிலாளர்களுக்கு ஒரு முதலுதவிப் பெட்டியாவது வேண்டும். அதற்குப் பொறுப்பாளர், மாநில அரசு ஏற்ற முதலுதவிச் சான்றிதழ் வாங்கியவராக இருக்க வேண்டும், வேலை நேரம் முழுக்கக் கூப்பிட்டால் கிடைக்க வேண்டும். 60 பேருக்குக் காகிதம் கொடு என்று எங்கே இருக்கிறது? சேஃப்டி ஆபீசர்கள் நாங்கள் எல்லாம், முதலுதவி கற்றுத்தருகிற செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் அமைப்பின் சான்றிதழ் இருக்கிறதா என்றுதான் முதலில் கேட்போம். பிரிட்டனில் 2013 அக்டோபரிலிருந்து பயிற்சி நிறுவனங்களுக்கு அரசு ஒப்புதல் கொடுப்பதை நிறுத்திவிட்டார்கள். ஆள் சரியா என்று பார்ப்பது முதலாளி பொறுப்பு. அப்படியும் அங்கே முழு வகுப்பு 18 மணி நேரம், சான்றிதழுக்கு ஆயுள் 3 வருடம். நீங்கள் செய்ய வேண்டியது இதுதான்: ஒரு பொம்மைக்கு இத்தனை பேர் என்று முன்கூட்டியே எழுதி வாங்குங்கள். "கலந்துகொண்டார்" ஒரு காகிதம், "செய்து காட்டினார்" வேறு காகிதம். நெஞ்சை அழுத்துவது நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, ஆழம் குறைந்தது 5 செ.மீ., அது வராத ஆளுக்கு இரண்டாவது காகிதம் கிடையாது. பொம்மை இன்னொன்று வாங்குங்கள்.

என் கதையா? ஒருமுறை முதலுதவிப் பெட்டியைத் திறந்தேன், உள்ளே ஸ்டோர் ரூம் சாவிக்கொத்து. அதை விடுங்கள்.

தொப்பூர் பக்கம் (தருமபுரி)
சேஃப்டி அண்ணா, மாதச் சம்பளத்தில் உட்கார்ந்துகொண்டு எழுதி வாங்கு என்பது சுலபம். நானும் பயிற்சி கொடுக்கிறவள்தான். ஒரு கம்பெனி கேட்டில் "எந்த ஆபீஸ், எந்த அமைப்பும்மா?" என்று கேட்டார் செக்யூரிட்டி. தனியாகத்தான் வருகிறேன் என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, வந்த காரணம் என்ற கட்டத்தில் 'சேல்ஸ்' என்று எழுதினார். கீழே நான் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. போட்டேன். உள்ளே போய், பாம்பு கடித்தால் கீறாதே, இறுக்கிக் கட்டாதே, ஆட்டாமல் வைத்து 108ஐக் கூப்பிடு என்று மூன்று மணி நேரம் பேசினேன். பேச்செல்லாம் மறந்துவிட்டது, அந்தக் கட்டம் மறக்கவில்லை.

ஒற்றைப்பொம்மை (ஓசூர்)
சேஃப்டி சார் சொன்னது சரிதான், கத்தி வைக்கவில்லை. மீதி 52 பேருக்குக் காசில்லாமல் இன்னொரு நாள் வருகிறேன் என்று எச்.ஆரிடம் கேட்டுவிட்டேன். "அடுத்த ஆடிட்டுக்குப் பாக்கலாம் சார்" என்கிறார். அந்த அக்கா 22 வரைக்கும் எண்ணினார்.