மோட்டார்ச் சாய்வா, மோட்டார்ச் சாய்ப்பா?

வணக்கம்.

நம் ட்ரோன் கலைச்சொல் பட்டியலில், மோட்டாரைச் சரித்து வைப்பதைச் சொல்லும் டில்ட் (tilt), கேன்ட் (cant) எல்லாவற்றுக்கும் 'சாய்வு' போதும் என்று நேற்றைய மடல்களில் ஏறக்குறைய முடிவாகிவிட்டது. தாமதமாக வந்து குறுக்கே கட்டை போடுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முன்னால் போகும் ட்ரோன் மூக்கைத் தாழ்த்திச் சாய்கிறது. 'சாய்வு' அதற்கே தேவைப்படும் சொல். நாம் பேசுவதோ, ட்ரோனின் உடற்சட்டத்தைக் கட்டும்போதே மோட்டாரை மூன்று டிகிரி, ஐந்து டிகிரி ஒருபக்கமாக வைத்துத் திருகாணியை முடுக்கிவிடுவதை. பறக்கும்போது அது மாறாது. முதலாவது தன்வினை, இரண்டாவது பிறவினை. 'வு' இருந்த இடத்தில் 'ப்பு' போட்டால் வேலை முடிந்தது: சாய்ப்பு.

எதற்குச் சாய்க்கிறோம்? குவாட்காப்டர், அதாவது நான்கு புரொப்பல்லர் ட்ரோன், நின்ற இடத்தில் இடமோ வலமோ திரும்புவது புரொப்பல்லர்களின் எதிர்முறுக்கை, அதாவது அவை ஒருபக்கம் சுழலும்போது உடலை மறுபக்கம் திருப்பும் விசையை, நம்பித்தான். (ஆங்கிலத்தில் yaw எனப்படும் இந்தத் திரும்பலை, yawn என்று நினைத்தோ என்னவோ, 'கொட்டாவி' என்று எழுதிய எந்திர மொழிபெயர்ப்பையும் பார்த்தாயிற்று. நான் 'திருப்பம்' என்கிறேன்.) அந்த முறுக்கு சொற்பம், பெரிய ட்ரோன்களில் திருப்பம் சோம்பலாகத்தான் வரும். 500 கிராம் தூக்கும் மோட்டாரை, அதைத் தாங்கும் கைக்குக் குறுக்காக 3 டிகிரி சாய்த்துப் பாருங்கள். தூக்குவிசையில் ஒரு கிராம்கூடக் குறையாது. பக்கவாட்டில் 26 கிராம் தள்ளுவிசை கிடைக்கும். 25 செ.மீ. நீளக் கையின் நுனியில் அது சும்மா இல்லை.

எந்தப் பக்கம் சாய்க்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஒருமுறை மோட்டாருக்கு அடியில் வைக்கும் ஆப்புத் துண்டுகள் நான்கையும் மாற்றி வைத்துவிட்டேன். அழகாக எழும்பியது, நின்றது. ரிமோட்டின் குச்சியை ஓரம்வரை தள்ளியும் திரும்ப மாட்டேன் என்றது. சாய்ப்பு தந்த விசையை எதிர்முறுக்கு தின்றுவிட்டது. ஆகவே எதிர்முறுக்குக்குத் துணைபோகும் 'நேர்ச்சாய்ப்பு', அதை எதிர்க்கும் 'எதிர்ச்சாய்ப்பு' இரண்டும் பட்டியலில் வேண்டும்.

பந்தய ட்ரோன்காரர்கள் நான்கையும் முன்னோக்கி வைப்பது 'முன்சாய்ப்பு'. வேகத்தில் உடல் கிடையாக இருக்கும், காற்றுத்தடை குறையும். பதிலுக்கு, நிற்கும்போது மூக்கு மேலே தூக்கும். திருப்பினால் கூடவே கொஞ்சம் உருளலும் (இடமோ வலமோ பக்கவாட்டில் சரிவது) ஒட்டிக்கொண்டு வரும்.

செங்குத்தாக எழும்பி விமானம்போலப் பறக்கும் வி-22 ஆஸ்ப்ரே ராணுவ விமானத்தின் கதை வேறு. அதில் எஞ்சின் உறையே சுழலியோடு சேர்ந்து, பறக்கும்போதே 90 டிகிரிக்கு மேல் திரும்புகிறது. அதற்குச் 'சாய்சுழலி' வைக்கலாம். வினைத்தொகை, சாய்ந்த, சாய்கிற, சாயும் என்று மூன்று காலத்துக்கும் சரியாக வரும்.

—

ஐயா, எங்கள் ஊரில் சாய்ப்பு என்றால் வீட்டுச் சுவரோடு ஒட்டி இறக்கும் கூரை. ஆடு கட்டுகிற இடம். ட்ரோனுக்கு ஒட்டுமா?

—

தம்பி, அந்தக் கூரையும் கட்டும்போதே சாய்த்து வைத்ததுதானே? தானாகச் சாய்ந்தால் கொத்தனாரைக் கூப்பிட வேண்டியிருக்கும். 'மோட்டார்ச் சாய்ப்பு' என்று முழுதாக எழுதிவிட்டால் ஆடு உள்ளே வராது.