14 வருஷப் படகு ஏசி: கோடைக்கு முன்னாடி மூணையும் மாத்தணுமா?

நாகை மாலுமி
வணக்கம். துபாய் மெரினாவுல ஒரு 52 அடி மோட்டார் யாட்டைப் பார்த்துக்கிறேன். அமெரிக்காவுல கட்டின படகு, 14 வருஷம் ஆச்சு, இங்க வந்து 4 வருஷம். கடல் தண்ணியில குளிருற ஏசி மூணு இருக்கு. சலூனுக்கு (உட்காருற கூடம்) 24,000 பிடியு குளிர்விக்கிற திறன், முன் கேபினுக்கும் பின் கேபினுக்கும் தலா 16,000. எல்லாமே ஆர்22 கேஸ்ல ஓடுறது. மூணுக்கும் சேர்த்து ஒரே கடல்நீர் பம்ப்.

ஏப்ரல் கடைசியில இருந்து சலூன் ஏசி மத்தியானம் ஆனா ஹை பிரஷர் காட்டி நின்னுடுது. 20 நிமிஷம் விட்டா ஓடும், திரும்ப நிக்கும். பின் கேபினுக்கு ரெண்டு வருஷமா சீசனுக்கு ஒரு தடவை கேஸ் ஏத்துறோம். முன் கேபின் நிக்காம ஓடுது, ஆனா குளிர் பத்தல.

பார்க்க வந்த ஒர்க்‌ஷாப் ஆள் பிரஷர் கேஜ்கூட மாட்டல. "வயசாயிடுச்சு, மூணையும் மாத்துங்க" என்று சொல்லிட்டுப் போயிட்டார். ஜூன்ல இருந்து ஓனர் குடும்பம், சின்னக் குழந்தைங்களோட, வாரத்துக்கு மூணு நாள் படகுல தங்கும். நான் அவருக்கு என்ன சொல்றது?

ஷார்ஜா ஏசி
மாத்திடுங்க அண்ணே. 19 வருஷமா இந்தக் கரையில படகு ஏசி வேலைதான் பார்க்கிறேன். கடல்நீர் ஏசி நல்லாப் பராமரிச்சா 10, 12 வருஷம் வரும். உங்களுக்கு 14 ஓடிடுச்சு.

ரெண்டாவது, ஆர்22. அமெரிக்காவுல 2020 ஜனவரி 1 முதல் உற்பத்தியும் இறக்குமதியும் நின்னாச்சு. வளைகுடா, இந்தியா மாதிரி நாடுகளுக்கு ஓசோனைக் காக்கப் போட்ட மாண்ட்ரியல் உடன்படிக்கையில 2030 கெடு. அதுக்கப்புறம் பழைய மெஷின் சர்வீஸுக்குன்னு சொற்ப அளவு மட்டும் 2040 வரைக்கும். வருஷா வருஷம் கேஸ் ஏத்துற மெஷினுக்கு இது சரிப்பட்டு வருமா?

மூணாவதுதான் முக்கியம். சலூன் ஏசி சோபாவுக்கு அடியில இருக்கும். அதை வெளிய எடுக்கவே ஒரு நாள் கூலி. இன்னைக்கு ஒண்ணைப் பிரிச்சு மூடிட்டு, ஆகஸ்ட்ல இன்னொண்ணு போய், திரும்ப மரச்சாமானைக் கழட்டினா அந்தக் கூலியிலேயே புது மெஷினுக்குப் பாதிப் பணம் போயிடும்.

எஞ்சின் ரூம்
கேஜ் மாட்டாத ஆள் பேச்சைக் கேட்டு மூணு மெஷினைத் தூக்கிப் போடாதீங்க தம்பி. நான் கப்பல்ல இருந்து ஓய்வு பெற்றவன், இப்ப தூத்துக்குடியில இருக்கேன். ஹை பிரஷர்ல நிக்கிற ஏசின்னா முதல் சந்தேகம் தண்ணி மேலதான் வரணும். கம்ப்ரஸர் நல்லா இருக்கப்போய்த்தான் பிரஷர் அந்த அளவுக்கு ஏறுது. செத்த கம்ப்ரஸர் பிரஷரே காட்டாது.

சில்லறைச் சாமான் போதும். 10 லிட்டர் வாளி, வாட்ச், ரெண்டு தெர்மாமீட்டர், ஆம்பியர் அளக்கிற கிளாம்ப் மீட்டர். மூணு ஏசியும் ஓடும்போது படகு வயித்துல இருந்து வெளிய விழுற தண்ணியை வாளியில பிடிங்க. ஒரு டன்னுக்கு, அதாவது 12,000 பிடியுவுக்கு, நிமிஷத்துக்கு 11 லிட்டர் பக்கம் வரணும். உள்ள போற தண்ணிக்கும் வெளிய வர்ற தண்ணிக்கும் 5, 6 டிகிரி வித்தியாசம் இருந்தா சரி. 10 தாண்டினா தண்ணி பத்தலைன்னு அர்த்தம். காத்துல, திரும்பி வர்றதுக்கும் ஊதுறதுக்கும் 8 முதல் 11 டிகிரி வரணும். கம்ப்ரஸர் ஆம்பியரைப் பெயர்த்தகட்டோட ஒப்பிடுங்க. இத்தனையும் எழுதிப் போடுங்க, அப்புறம் பேசுவோம்.

இன்னொண்ணு, பெயர்த்தகட்டுல ஹெர்ட்ஸ் எவ்வளவுன்னு பார்த்துச் சொல்லுங்க. அமெரிக்கப் படகுன்னு சொன்னதுல இருந்து எனக்கு அது உறுத்துது.

பாலைவனப் படகு
அபுதாபியில வாடகைப் படகு நடத்துறேன். ஐயா சொல்ற அளவெல்லாம் நியாயம்தான். ஆனா ஜூலையில வெளிய 45 டிகிரி, கடல் தண்ணியே 33, 34. அந்த நேரத்துல ஏசி நின்னா கேபினுக்குள்ள உட்காரவே முடியாது. போன வருஷத்துக்கு முந்தின வருஷம் எனக்கு அப்படி நின்னுச்சு. ஒரு கைக்குழந்தையோட தாய் வெளிய வந்து நிழல்ல நின்னுட்டு இருந்தாங்க, நான் படகைத் திருப்பி ஒன்றரை மணி நேரம் ஓட்டி வந்தேன். அந்த முகம் இன்னும் மறக்கல. அன்னைல இருந்து சந்தேகம் வந்தாலே மாத்திடுறேன். இது வெறும் பணக் கணக்கு இல்லை.

எஞ்சின் ரூம்
அந்தப் பயம் எனக்குப் புரியுது. ஆனா புது மெஷினையும் அதே அடைச்ச குழாயில மாட்டினா ஜூலையில அதுவும் நிக்கும். ஆர்410 கேஸ் போட்ட புது மெஷின் பழசைவிட ஒன்றரை மடங்கு பிரஷர்ல ஓடுறது. தண்ணி குறைஞ்சா அதுவும் பொறுக்காது. புது மெஷின் போட்டும் அதே கதைன்னு ஓனர் கேட்டா யார் பதில் சொல்றது?

லங்காவி
நான் மலேசியா, லங்காவியில பாய்மரப் படகுகளுக்கு வேலை செய்யுறவன். ஐயா பக்கம்தான் நானும். இங்க வர்ற கேஸ்ல முக்கால்வாசி பார்னக்கிள்தான், குழாய்க்குள்ள ஒட்டி வளர்ற ஓடுள்ள சின்னக் கடல் உயிர். வெளிய தண்ணி வடிகட்டுற ஸ்ட்ரெய்னர் கண்ணாடி மாதிரி சுத்தமா இருக்கும். அதுக்கு முன்னாடி, சீகாக்குல (கடல் தண்ணி படகுக்குள்ள வர்ற வால்வு) இருந்து வர்ற முழங்கைக் குழாய்க்குள்ள வெள்ளை வெள்ளையா கூம்பு கூம்பா அடுக்கு பிடிச்சிருக்கும். சுண்டுவிரல் நுழையாது. அந்த ஓஸைக் கழட்டாம யாரும் மெஷினைப் பத்திப் பேசக்கூடாது.

கடல் தண்ணி ஓடுற கண்டன்ஸர் காயிலுக்குள்ள சுண்ணாம்பு படிஞ்சா, காயிலுக்குன்னே விக்கிற மிதமான அமிலக் கரைசலை ஒரு வாளியில வச்சு சின்ன பம்ப்பால சுத்த விடுவேன். முதல்ல நுரை பொங்கி வரும், சுண்ணாம்பு கரையுற வரைக்கும். நுரை அடங்கினதும் நல்ல தண்ணி விட்டு அலசிடணும்.

ஷார்ஜா ஏசி
அமிலம் பத்தி இவ்வளவு சுலபமாச் சொல்லாதீங்க அண்ணே. 14 வருஷக் காயில்ல சுவர் மெலிஞ்சிருக்கும். சில இடத்துல அந்தச் சுண்ணாம்புதான் ஓட்டையை அடைச்சுட்டு நிக்கும். கழுவின மறுநாள் கேஸ் மொத்தமும் கடலுக்குப் போன மெஷினை நானே பார்த்திருக்கேன், நான் கழுவினதுதான். கேஸ் போனதோட முடியாது. பிரஷர் இறங்கினதும் கடல் தண்ணி உள்ள ஏறும், கம்ப்ரஸர் எண்ணெய் பால் மாதிரி வெளுத்துடும். அப்புறம் எதையும் காப்பாத்த முடியாது.

பின் கேபின் ரெண்டு வருஷமா கேஸ் இழக்குதுன்னு நாகை அண்ணன் எழுதியிருக்கார். அதை யாருமே பேசலியே? கேஸ் தேயுற பொருள் இல்லை. குறையுதுன்னா எங்கயோ ஓட்டை இருக்கு.

எஞ்சின் ரூம்
இது சரியான பேச்சு. பின் கேபின்ல நீங்க சொல்றதை ஒத்துக்கிறேன். ஓட்டை எங்கேன்னு பார்க்காம காயிலைக் கழுவக்கூடாது. கேஸை முறையா மீட்டு எடுத்துட்டு நைட்ரஜன் போடுங்க. கடல்நீர் ஓஸ் ரெண்டையும் கழட்டி, காயில்ல நல்ல தண்ணி நிரப்பி, வாயை மேலே தூக்கிக் கட்டுங்க. அந்தத் தண்ணியில குமிழி வந்தா காயிலுக்குள்ளயே ஓட்டை, அந்த மெஷின் முடிஞ்சது. வெளிய ஏதாவது ஜாயின்ட்ல சோப்புத் தண்ணி குமிழ்ந்தா வெல்டிங்கோட முடிஞ்சிடும்.

நாகை மாலுமி
ரெண்டு நாள் உட்கார்ந்து எல்லாம் அளந்தேன். நைட்ரஜன் வேலைக்குத் தெரிஞ்ச ஒரு டெக்னீஷியன் வந்தார்.

சலூன்: 10 லிட்டர் வாளி நிரம்ப 52 வினாடி. நிமிஷத்துக்கு பதினொண்ணரை லிட்டர், வரவேண்டியதுல பாதி. தண்ணி வித்தியாசம் 12 டிகிரி. லங்காவி சொன்னது அப்படியே. ஸ்ட்ரெய்னர் சுத்தம், சீகாக்கை ஒட்டின முழங்கையில ஸ்க்ரூடிரைவர் வச்சுக் குத்தித்தான் எடுத்தேன், ஒரு கைப்பிடி ஓடு வந்துச்சு.

பின் கேபின்: காயில்ல இருந்து வர்ற ஓஸ் வாயில, பத்து வினாடிக்கு ஒண்ணா குமிழி. முதல்ல நம்பல, மூணு தடவை பார்த்தேன். காயில் வளைவுல பச்சையும் வெள்ளையுமா உப்பு பூத்திருந்துச்சு. அடித்தட்டு துருப்பிடிச்சு கையால அழுத்தினா உள்ள போகுது. சொட்டுத் தண்ணி நேரா பில்ஜுக்கு (படகோட அடிப்பள்ளம்).

முன் கேபின்: காத்து வித்தியாசம் 6 டிகிரிதான். பெயர்த்தகட்டுல 230 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் மட்டும். எஞ்சின் ரூம் ஐயா, படகு ஜெனரேட்டரும் 60. கடலுக்குப் போனப்ப ஜெனரேட்டர்ல அளந்தேன், 9 டிகிரி வந்துச்சு. மெரினா கரண்ட் 50.

எஞ்சின் ரூம்
உறுத்தினது சரியாப் போச்சு. 60க்குக் கட்டின மோட்டார் 50ல ஆறுல ஒரு பங்கு மெதுவாச் சுத்தும். கம்ப்ரஸரும் பம்பும் ரெண்டுமே குறைச்சல். அதே வோல்ட்டேஜுல ஹெர்ட்ஸ் குறைஞ்சா மோட்டார் சுருள் கூடுதலா சூடாகும். 4 வருஷமா கரையில கட்டியிருக்கும்போதெல்லாம் இந்த மூணும் இந்தச் சித்திரவதையை அனுபவிச்சிருக்கு. முதல்ல பம்பை 50க்கு ஏத்ததா மாத்துங்க. முன் கேபின் மெஷினை ஓட விடுங்க.

ஷார்ஜா ஏசி
ஐயா, இதே காரணத்துக்குத்தான் நான் மூணையும் மாத்தச் சொல்றேன். படகு இனி இங்கதான் இருக்கப்போகுது. தப்பான ஹெர்ட்ஸ்ல 4 வருஷம் வெந்த சுருளை நம்பி இன்னொரு ஆகஸ்டுக்குப் போறதா? 50லயும் 60லயும் ஓடுற மெஷின் போட்டா இந்தப் பிரச்சினையே கிடையாது. ஆர்22 கவலையும் தீரும்.

எஞ்சின் ரூம்
வெந்திருக்கா இல்லையான்னு மெக்கர் (சுருளோட இன்சுலேஷனை அளக்கிற மீட்டர்) சொல்லட்டும். சுருளுக்கும் பாடிக்கும் நடுவுல 1 மெகா ஓமுக்குக் கீழ போனா நானே மாத்தச் சொல்லுவேன்.

லங்காவி
பின் கேபினுக்குப் புதுசு போடும்போது ஒண்ணு பாருங்க. திரும்புற காத்து கேபின்ல இருந்து மட்டும்தான் வரணும். பில்ஜ்ல இருந்தோ எஞ்சின் ரூம்ல இருந்தோ இழுத்தா ஜெனரேட்டர் புகை படுக்கைக்கு வந்துடும். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. பிள்ளைங்க தூங்குற இடம். அலாரம் இல்லைன்னா முதல்ல அதை மாட்டுங்க.

நாகை மாலுமி
ஓனர்கிட்ட பேசிட்டேன். எழுதின அளவை முன்னாடி வச்சதும் அவர் வேற கேள்வி கேட்கல.

பின் கேபின் ஏசி புதுசு, 50 / 60 ரெண்டுலயும் ஓடுறது, அடுத்த வாரம் வருது. படுக்கைக்குக் கீழ பழைய ஓட்டை ஒண்ணு எஞ்சின் ரூமுக்குத் திறந்திருந்துச்சு, அதை இன்னைக்கே அடைச்சேன். ரெண்டு கேபின்லயும் சலூன்லயும் அலாரம் மாட்டியாச்சு. கடல்நீர் பம்ப் 50 ஹெர்ட்ஸுக்கு மாத்தியாச்சு. முழங்கையும் ஓஸும் புதுசு. சலூன்ல இப்ப வாளி 27 வினாடியில நிரம்புது. நேத்து மதியம் ரெண்டுல இருந்து ஆறு வரைக்கும் நிக்காம ஓடுச்சு, வெளிய 41.

மெக்கர்: சலூன் 40 மெகா ஓம், முன் கேபின் 6. அந்த 6 பத்தித்தான் எனக்கு மனசு ஒப்பல. ஷார்ஜா தம்பி சொல்றதும் காதுலயே நிக்குது. முன் கேபினை இந்த சீசன் ஓட்டுறேன், மாசம் ஒரு தடவை மெக்கர் வச்சு இங்க எழுதுறேன். 2க்குக் கீழ வந்தா அன்னைக்கே ஆர்டர்.

ஷார்ஜா ஏசி
என் மனசுக்கு இன்னும் மூணும்தான் அண்ணே. ஆனா அந்த மரப்பலகையைத் திரும்ப மூடும்போது ஆணி அடிக்காம திருகு போட்டு மூடுங்க, நான் வந்து பார்க்க வேண்டி வந்தா சீக்கிரம் திறக்கலாம். பின் கேபின் மெஷின் வந்ததும் சொல்லுங்க, வெள்ளிக்கிழமை நான் ஃப்ரீ.