முள்ளோடை கிட்ட ஆக்சிடெண்ட், அவசரமா வழி சொல்லுங்க

சில்வர்பீச்_31 (இரவு 10.42)
சார் யாராவது அவசரமா சொல்லுங்க. சாயங்காலம் கார்ல பாண்டியிலேருந்து கடலூர் வரும்போது முள்ளோடை கிட்ட ஆக்சிடெண்ட் ஆயிடுச்சு, எக்ஸ்எல் மொபெட்ல வந்த ஒரு பெரியவர் பக்கத்து சந்துலேருந்து திடீர்னு மெயின் ரோட்ல ஏறிட்டாரு, பிரேக் அடிச்சும் இடது பக்கம் இடிச்சிடுச்சு, பம்பர் ஹெட்லைட் எல்லாம் போச்சு. அவரோட சொந்தக்காரங்க 40,000 குடுத்துடுங்க கேஸ் வேணாம்ங்கறாங்க. ஸ்டேஷனுக்குப் போனா எங்க லிமிட் இல்லன்னு அனுப்பிட்டாங்க. இன்சூரன்ஸ் இருக்கு. குடுத்து முடிச்சிடவா? காலைல 10 மணிக்கு வீட்டுக்கே வராங்க.

கெடிலக்கரை (10.49)
பெரியவருக்கு என்ன ஆச்சுன்னே எழுதலையேப்பா. உயிரோட இருக்காரா, எந்த ஆஸ்பத்திரி?

ஆல்பேட்டைக்காரன் (10.51)
பாண்டி எல்லைல இருக்கற பிராந்திக் கடைங்களுக்கு பாண்டி பக்கமா கடலூர் பக்கமா? அத வச்சுதான் எந்த ஸ்டேஷன்னே சொல்ல முடியும். அப்புறம் தேர்ட் பார்ட்டி மட்டுமா ஃபுல் கவரா? ஓட்டுனது யாரு?

பாகூர்_ஏரி (10.58)
தம்பி நான் அனுபவத்துல சொல்றேன், பேரம் பேசி 25,000ல முடிச்சிடு. எனக்கு கன்னியகோயில் கிட்ட இதேதான் நடந்துச்சு, கைல காசு குடுத்தேன் அன்னிக்கே முடிஞ்சுது. கேஸுன்னு போனா வண்டிய ஸ்டேஷன் வாசல்ல போட்டுடுவாங்க, பிரேக் இன்ஸ்பெக்டர் வந்து பாக்கற வரைக்கும் வெயில்லயும் மழைலயும் கிடக்கும். கிளைம் பண்ணா, கிளைமே பண்ணாம இருந்ததுக்கு பிரீமியத்துல குறைக்கற நோ கிளைம் போனசும் போயிடும், 50 சதவீதம் வச்சிருந்தா அது பெரிய காசு.

சட்டம்_அறிந்தவன் (11.07)
வாரத்துக்கு ஒருத்தர் இதே கேள்வியோட வரீங்க, மேல பின் பண்ணி வச்சிருக்கறத படிக்க யாருக்கும் பொறுமை இல்ல. மறுபடியும் சொல்றேன், இந்த தடவையாவது மனசுல வாங்கிக்குங்க. மோட்டார் வாகனச் சட்டம் 134வது பிரிவுப்படி அடிபட்டவருக்கு வைத்தியம் கிடைக்க வழி பண்றது டிரைவரோட கடமை, போலீசுக்கு 24 மணி நேரத்துக்குள்ள சொல்லணும், இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் தெரிவிக்கணும். லிமிட் இல்லங்கறது பதிலே கிடையாது. 2024 ஜூலை 1லேருந்து நடைமுறைல இருக்கற புது குற்ற நடைமுறைச் சட்டம், பிஎன்எஸ்எஸ், 173வது பிரிவுல, எந்த ஏரியால நடந்திருந்தாலும் தகவல வாங்கிப் பதிவு பண்ணணும்னு இருக்கு, ஜீரோ எஃப்ஐஆர்னு சொல்றாங்களே அதுதான்.
பாகூர்_ஏரி சார், தப்பு வழி காட்டாதீங்க. கம்பெனியோட எழுத்துப்பூர்வ சம்மதம் இல்லாம தப்ப ஒத்துக்கறதோ காசு குடுக்கறதோ கூடாதுன்னு பாலிசி கண்டிஷன்லயே இருக்கு. இன்னிக்கு 25,000 குடுத்துட்டு நாளைக்கு அவரே கேஸ் போட்டா, குடுத்தது கணக்குலயே வராது.

சில்வர்பீச்_31 (11.15)
சாரி பதட்டத்துல விட்டுட்டேன். கடை எல்லாம் தாண்டி தமிழ்நாடு பக்கம்தான். ஓட்டுனது மச்சான், லைசென்ஸ் இருக்கு, நான் பக்கத்துல இருந்தேன். வண்டி அப்பா பேர்ல, பாண்டி நம்பர், பி.ஒய். 01. ஃபுல் கவர்னுதான் நினைக்கிறேன். பெரியவருக்கு கால்ல அடி, ஆட்டோல தூக்கிட்டுப் போனாங்க, எந்த ஆஸ்பத்திரின்னு தெரியல.

நெல்லிக்குப்பம்_தம்பி (11.18)
வண்டி அப்பா பேர்லன்னா அப்பாதான் ஓட்டுனாருன்னு எழுதிக் குடுங்க ப்ரோ, இல்லன்னா கிளைம் ரிஜெக்ட் ஆகும்.

ஆல்பேட்டைக்காரன் (11.21)
தயவு செஞ்சு ஆள மாத்தாதீங்க! ஓனர்தான் ஓட்டணும்னு எங்கயும் இல்ல, ஓட்டுனவர்கிட்ட செல்லுபடியாகற லைசென்ஸ் இருந்தா போதும். ரோட்டோரக் கடைல ஒரு கேமரா பதிவு கிடைச்சா பொய் வெளில வந்துடும், கிளைமும் போகும் பொய்க் கேஸும் சேரும்.

லேத்துப்பட்டறை (11.26)
வண்டி இப்ப எங்க நிக்குது? ஸ்பாட்லேருந்து எப்படி வந்துச்சு?

சில்வர்பீச்_31 (11.28)
ஓட்டிட்டுதான் வந்தோம். வீட்டு வாசல்ல நிக்குது, அடியில பச்சையா தண்ணி சொட்டுது.

லேத்துப்பட்டறை (11.34)
இனிமே சாவியத் தொடாதீங்க. பச்சையா சொட்டறது கூலண்ட், இன்ஜின் சூடாகாம இருக்க ஊத்தறது, ரேடியேட்டர் ஓட்டை ஆயிருக்கு. அந்த நிலைல இன்னும் ரெண்டு கிலோமீட்டர் ஓட்டுனா ஹெட் கேஸ்கட் போயிடும், இடிச்சதுல ஆன டேமேஜுக்குத்தான் காசு, அப்புறமா ஓட்டி இன்ஜின் போனதுக்கு இல்லன்னு கம்பெனில கைய விரிச்சிடுவாங்க. அடியில ஒரு அட்டை விரிச்சு எவ்ளோ சொட்டுதுன்னு போட்டோ எடுங்க, உடைஞ்ச லைட்டு, நம்பர் பிளேட் தெரியற மாதிரி முன்பக்கம், கிலோமீட்டர் ரீடிங் எல்லாத்தையும் எடுங்க. காலைல கிரேன்ல ஏத்தி விடுங்க. இன்சூரன்ஸ் கம்பெனி சர்வேயர் பாக்கற முன்ன எந்த மெக்கானிக்கையும் பம்பரக் கழட்ட விடாதீங்க. பாலிசில தேய்மானம் கழிக்காம குடுக்கற பம்பர் டு பம்பர் கவர் இருக்கான்னு பாருங்க, இல்லன்னா பிளாஸ்டிக் ஐட்டத்துக்கு பாதி உங்க கைக்காசு.

மஞ்சை_மைந்தன் (11.39)
கடலூர்ல குடியிருந்துகிட்டு பி.ஒய். வண்டியா? அதான் ஸ்டேஷன்ல யாரும் மதிக்கல. வரி மட்டும் அங்க கட்டிட்டு ரோட்ட மட்டும் இங்க ஓட்டறீங்க.

பாகூர்_ஏரி (11.43)
ஏன் சார், ஆக்சிடெண்டுக்கும் வரிக்கும் என்ன சம்பந்தம்? பாண்டில வரி கம்மி, அதுக்கு நாங்க என்ன பண்றது? எங்க சனம் பாதி பேர் தினமும் கடலூர் வந்துதான் வேலை பாக்குது.

மஞ்சை_மைந்தன் (11.47)
வேலைக்கு வரது வேற. வேற மாநிலத்துல 12 மாசத்துக்கு மேல வச்சிருந்தா ரீ-ரெஜிஸ்ட்ரேஷன் பண்ணணும்னு 47வது பிரிவு சொல்லுது. நானெல்லாம் இங்கயே முழு வரி கட்டிதான் வாங்குனேன்.

பாகூர்_ஏரி (11.50)
அவங்க அப்பா பாண்டிலயே இருக்கலாம், உங்களுக்குத் தெரியுமா? அந்தத் தம்பி தூங்காம உக்காந்திருக்கான், இப்ப போய்...

சட்டம்_அறிந்தவன் (11.53)
வரிச் சண்டைக்குத் தனி இழை தொடங்குங்க. பாலிசி இந்தியா முழுக்கச் செல்லும், நம்பர் பிளேட் எந்த ஊரா இருந்தா என்ன.

வார்டு_அக்கா (நள்ளிரவு 12.10)
டூட்டி முடிச்சு இப்பதான் பாக்கறேன். தம்பி, நீங்க கேஸ் காசுன்னு ஒவ்வொண்ணா கேக்கறீங்க, அந்தப் பெரியவரு இப்ப எப்படி இருக்காருன்னு உங்களுக்கே தெரியல. காசு கேட்டவங்க நம்பர் இருக்கும்ல, இப்பவே போன் பண்ணுங்க. கால்ல அடின்னு நினைச்சுதான் பாதிப் பேர வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடறாங்க. வயசானவங்க கீழ விழுந்தா தலைல அடி வெளில தெரியாது, ராத்திரி வாந்தி எடுத்தாலோ பேச்சு குளறுனாலோ எழுப்ப எழுப்பத் தூங்குனாலோ ஒரு நிமிஷம் தாமதிக்காம 108.
தமிழ்நாடு எல்லைக்குள்ள நடந்ததால ‘இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48’ திட்டத்துல முதல் 48 மணி நேரத்துக்கு இலவசமா பாப்பாங்க, எந்த மாநிலத்துக்காரரா இருந்தாலும் சரி. எனக்குத் தெரிஞ்சு நிறைய பேர் இது தெரியாமலே கம்மல அடகு வச்சிட்டு வந்து நிக்கறாங்க. ஜி.எச்.க்குப் போனா ஏ.ஆர்., அதாவது ஆக்சிடெண்ட் ரெஜிஸ்டர், போடுவாங்க, அங்கேருந்தே ஸ்டேஷனுக்கும் தகவல் போயிடும். அந்த ஏ.ஆர். காப்பி அவருக்கும் உதவும் உங்களுக்கும் உதவும்.

ஆல்பேட்டைக்காரன் (12.19)
அக்கா சொன்னதோட இதையும் சேத்துக்குங்க. அந்த வீட்டு ஆளுங்ககிட்ட பக்குவமா எடுத்துச் சொல்லுங்க, எஃப்ஐஆர் இருந்தா பெரியவர் ஆறு மாசத்துக்குள்ள விபத்து நஷ்ட ஈடு டிரிப்யூனல்ல மனு போட்டு உங்க இன்சூரன்ஸ் கம்பெனிகிட்டயிருந்து நஷ்ட ஈடு வாங்கறது சுலபம். எலும்பு உடைஞ்சு மூணு மாசம் வேலைக்குப் போகலன்னா 40,000 அவருக்கு எந்த மூலைக்கு? கேஸ் வேணாம்னு முடிச்சா நஷ்டம் அவங்களுக்குத்தான். ஸ்டேஷன்ல எழுத்துல குடுத்து புகார வாங்கிக்கிட்டதுக்கு சி.எஸ்.ஆர். ரசீதாவது கைல வாங்காம வராதீங்க.

சில்வர்பீச்_31 (12.26)
போன் பண்ணேன் அக்கா. வீட்லதான் படுக்க வச்சிருக்காங்களாம், கால் வீங்கியிருக்காம். இப்பவே கிளம்பறோம்.

கெடிலக்கரை (காலை 7.30)
என்ன ஆச்சுப்பா?

வார்டு_அக்கா (பகல் 1.15)
தம்பி ஒரு வரி போடுங்க.

சில்வர்பீச்_31 (இரவு 8.05)
ராத்திரியே ஜி.எச். கூட்டிட்டுப் போனோம், கணுக்கால் எலும்புல விரிசல், மாவுக்கட்டு போட்டிருக்காங்க, தலைக்கு ஸ்கேன் எடுத்தாங்க ஒண்ணும் இல்ல. மச்சானும் நானும் ஸ்டேஷன்ல எழுதிக் குடுத்துட்டோம், வாங்கிக்கிட்டாங்க. 40,000 பேச்ச அவங்களே விட்டுட்டாங்க. காலைல கிரேன்ல ஏத்தும்போது பாத்தா பம்பருக்கு அடியில பெரியவரோட ஒரு செருப்பு மாட்டியிருந்துச்சு, வார் அறுந்து. அதோட ஜோடி அவர் கட்டிலுக்குக் கீழ இருந்துச்சு, நேத்து ராத்திரி பாத்தேன். கொண்டு போய்க் குடுத்தேன். எல்லாருக்கும் நன்றி.

லேத்துப்பட்டறை (8.20)
சர்வேயர் வந்தாரா? பெரியவர் விஷயத்தையும் கம்பெனிக்குத் தனியா தெரிவிச்சீங்களா, இல்ல வண்டி டேமேஜ் மட்டும்தான் சொன்னீங்களா?

லேத்துப்பட்டறை (மூணு நாள் கழிச்சு)
தம்பி இருக்கீங்களா?