முதல் நாள் வேலைக்கு எதைப் போட்டுக்கொண்டு போவது?

திங்கட்கிழமை புது வேலையில் சேருகிறேன். என்ன உடை என்று கேட்டதற்கு, 'ஸ்மார்ட் கேஷுவல்' என்று இரண்டே சொல்லில் பதில் வந்தது. அதற்கு அர்த்தம் தெரிந்தவர்கள் சொன்னால் புண்ணியம்.

நேர்காணலுக்கு இஸ்திரி மடிப்புக் கலையாத முழுக்கைச் சட்டை, டை, பளபளக்கும் ஷூ என்று போனேன். எதிரே இருந்த மேலாளர் காலர் வைத்த டீ-சர்ட்டில் இருந்தார். பார்க்க நான்தான் முதலாளி மாதிரி இருந்தேன்! அதற்காக முதல் நாளே ஜீன்ஸில் போய் நிற்கவும் மனம் வரவில்லை.

இப்போதைக்குக் கருநீலக் காட்டன் பேன்ட், வெளிர்நிறச் சட்டை எடுத்து வைத்திருக்கிறேன். டை வேண்டாம், சரி. முழுக்கையை மடித்து விடலாமா? அப்புறம், சட்டையை இன் பண்ண வேண்டுமா? கீழ் விளிம்பு வளைவாக இருந்தால் இன் பண்ணு, நேராக இருந்தால் வெளியே விடு என்கிறாள் தங்கை. என்னுடையது வளைவுதான். ஞாயிற்றுக்கிழமைக்குள் யாராவது சொல்லுங்களேன்.