டெட்லைனில் "டெட்" எதற்கு? தமிழில் கெடு என்று எழுதினால் சரியா?

ஓவர்லாக்_திருப்பூர்

எல்லோருக்கும் வணக்கமுங்க. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக (ஆர்டர் எடுத்ததில் இருந்து அனுப்புகிற வரை பார்த்துக்கொள்கிற வேலை) இருக்கிறேன். ஒன்பது வருடமாக இந்த டெட்லைன் என்ற வார்த்தையைச் சொல்லாமல் ஒரு நாளும் வீட்டுக்குப் போனதில்லை. சாம்பிள் அனுப்ப ஒரு டெட்லைன், சாயப்பட்டறையில் இருந்து துணி வர ஒரு டெட்லைன், தூத்துக்குடியில் கன்டெய்னர் உள்ளே போக ஒரு டெட்லைன். போன வாரம் புதிதாகச் சேர்ந்த பொண்ணு, நாமக்கல் பக்கம், டக்கென்று கேட்டுவிட்டது: "ஏனுங்ணா, இந்தத் தேதிக்குள்ள முடிக்கணும்னு சொல்றதுக்கு எதுக்குச் செத்துப்போன கோடுன்னு பேர் வெச்சாங்க?"

முழித்தேன். பக்கத்து சீட்டுக்காரர் உடனே, பிரிட்டிஷ் பட்டாளத்தில் ஓடிப்போகிற சிப்பாயை ஒரு கோட்டில் நிறுத்திச் சுடுவார்கள், அதிலிருந்து வந்தது என்று அடித்துவிட்டார். எங்கள் முதலாளியோ அது அமெரிக்க ஜெயில் வார்த்தை என்கிறார். இரண்டு பேருமே சந்தேகமில்லாமல் பேசுகிறார்கள், அதுதான் எனக்குச் சந்தேகம்.

அப்புறம் இன்னொன்று. செக்கிங் பக்கம் தமிழில் போர்டு எழுதி மாட்டச் சொன்னார்கள். "இறுதிக் கெடு 24ஆம் தேதி" என்று எழுதினேன். அயர்ன் மாஸ்டர் படித்துப் பார்த்துவிட்டு "கெடுன்னு எழுதி வெச்சா வேலை கெட்டுத்தானுங்க போகும், வேற நல்ல வார்த்தையாப் போடுங்க" என்கிறார். கெடு என்பது கெடுவதில் இருந்துதான் வந்ததா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சிங்காநல்லூர்_வாத்தியார்

உங்கள் முதலாளி சொன்னதுதான் சரி. முக்கால்வாசி சரி என்று வைத்துக்கொள்ளுங்கள், மீதிக் கால் பங்கைப் பிறகு சொல்கிறேன்.

அமெரிக்க உள்நாட்டுப் போர் நடந்த காலம். 1864 பிப்ரவரியில் தென்மாநிலப் படைகள் ஜார்ஜியாவில் ஆண்டர்சன்வில் என்ற இடத்தில் போர்க் கைதிகளுக்கு ஒரு சிறை திறந்தார்கள். கேம்ப் சம்ட்டர் என்பது அதன் முறையான பெயர். சிறை என்றதும் கோவை சென்ட்ரல் ஜெயில் மாதிரி கட்டடத்தை நினைக்காதீர்கள். பைன் மரத் தடிகளை நெருக்கமாக நட்டு அடைத்த ஒரு திறந்தவெளிப் பட்டி, அவ்வளவுதான். கூரை கிடையாது. 10,000 பேருக்கு என்று போட்ட இடத்தில் அந்த ஆகஸ்ட் மாதம் ஏறக்குறைய 33,000 பேர் இருந்தார்கள். அதுவும் பட்டியைப் பெரிதாக்கிய பிறகு. அப்போது மொத்தப் பரப்பு 26 ஏக்கர் சொச்சம். நம் பக்கம் ஓரளவு வசதியான குடியானவர் தோட்டம் ஒன்றில் ஒரு சின்ன டவுனையே கொண்டு வந்து அடைத்தால் எப்படி இருக்கும், அப்படி. 14 மாதத்தில் அங்கே சுமார் 45,000 பேர் அடைபட்டார்கள், 13,000 பேருக்குக் கொஞ்சம் குறைவாகச் செத்தார்கள். சுட்டதில் செத்தவர்கள் கொஞ்சம்தான், சீதபேதியும் ஸ்கர்வி என்கிற சத்துக்குறைவு நோயும் பட்டினியும்தான் பெரும்பாலானவர்களைக் கொண்டுபோனது.

இப்போது அந்தக் கோடு. வெளிச் சுவரில் இருந்து ஏறக்குறைய 19 அடி உள்ளே தள்ளி, குச்சி நட்டு அதன் மேல் பலகைச் சட்டம் அடித்து, தாழ்வான ஒரு வேலி ஓடியது. அதைத் தாண்டினால், ஏன், கை நீட்டித் தொட்டாலே, மேலே கூண்டில் நிற்கிற காவலாளி எச்சரிக்கை எதுவும் இல்லாமல் சுடலாம். அதற்குத்தான் டெட் லைன் என்று பேர். அப்போது இரண்டு வார்த்தையாகத்தான் எழுதினார்கள். சிறைக்கு நடுவே ஒரு ஓடை வரும், மொத்தப் பேருக்கும் குடிக்க, குளிக்க, மற்ற எல்லாவற்றுக்கும் அது ஒன்றுதான். கொஞ்சம் தெளிந்த தண்ணீர் பிடிக்கலாம் என்று மேல்பக்கமாகக் கையை நீட்டிச் சுடப்பட்டவர்கள் உண்டு.

அந்தச் சிறையின் பொறுப்பில் இருந்த ஹென்றி வர்ஸ் என்பவரைப் போர் முடிந்ததும் ராணுவ விசாரணையில் நிறுத்தி, 1865 நவம்பர் 10 அன்று வாஷிங்டனில் தூக்கில் போட்டார்கள். அவர் மேல் வந்த குற்றச்சாட்டிலேயே இந்த டெட் லைன் விவரமாக வருகிறது. அதில் ஒரு வாசகம் எனக்கு மறக்காது: கோடு சில இடங்களில் ஆடுகிற பலகை, சில இடங்களில் அதுவும் இல்லை, வெறும் கற்பனைக் கோடு. எங்கே இருக்கிறது என்றே தெரியாத கோட்டைத் தாண்டியதற்குச் சுட்டிருக்கிறார்கள். விசாரணைச் செய்தியைப் பத்திரிகைகள் விழுந்து விழுந்து போட்டதில் வார்த்தை ஊரெல்லாம் பரவியது.

சும்மா தென்மாநிலத்தாரை மட்டும் திட்ட வேண்டாம், வடக்கே இருந்த சில சிறைகளிலும் இதே மாதிரிக் கோடு இருந்தது.

கொடுமுடி_குமார்

அப்போ ஜெயில்ல இருந்து நேரா ஆபீஸுக்கு வந்துட்டுது. எங்க மேனேஜருக்கு இதை ஃபார்வர்டு பண்ணுறேன், கரெக்டா பொருந்தும். கேஸ் முடிஞ்சுது.

ஈயஎழுத்து

குமார் தம்பி, கேஸ் முடியலை. நடுவில் எங்கள் ஆட்கள் ஒரு கை வைத்திருக்கிறார்கள்.

ஈரோட்டில் அப்பா காலத்தில் இருந்து அச்சாபீஸ். நான் பத்து வயதில் கேஸ் என்கிற எழுத்துப் பெட்டி முன்னால் முக்காலி போட்டு ஏறி நின்று எழுத்துக் கோத்தவன். பழைய அச்சு இயந்திரத்தில் கோத்த எழுத்தைச் சட்டத்தில் இறுக்கி மேடையில் வைப்போம். அந்த மேடையில் ஓர் எல்லை உண்டு. அதற்கு உள்ளே இருக்கிற எழுத்துதான் தாளில் விழும், தாண்டினது விழாது. அமெரிக்க அச்சுக்கூடங்களில் அந்தக் குறிக்கு டெட்லைன் என்று பேர் வைத்திருந்தார்கள். எங்கள் ஆபீஸில் அப்படிச் சொன்னதில்லை, கிரிப்பர் மார்ஜின் என்றுதான் சொல்வோம். ட்ரெடில் என்கிற சின்ன அச்சு இயந்திரத்தில் கவனமில்லாமல் மாட்டினால், தாளைப் பிடிக்கிற கிரிப்பர் வந்து எழுத்தின் மேல் உட்கார்ந்து நசுக்கிவிடும். ஒரு கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளையின் இனிஷியல் அப்படித்தான் போனது. பெண் வீட்டார் வந்து நின்றபோது அப்பா பேசின பேச்சு இங்கே எழுத முடியாது.

பத்திரிகை ஆபீஸில் எழுத்து, பக்கம், எல்லை என்று எல்லாமே கோடுதான். பக்கத்தை மூடுகிற நேரத்துக்கு மேல் வருகிற செய்தியும் தாளில் விழாது. இன்ன நேரத்துக்குள் என்ற அர்த்தம் அமெரிக்கப் பத்திரிகைக்காரர்கள் பேச்சில்தான் முதலில் வருகிறது, 1910களில் இருந்து 1920 வாக்கில். அதற்கு முன்னால் வரை டெட்லைன் என்றால் இடம்தான், நேரம் கிடையாது.

சிங்காநல்லூர்_வாத்தியார்

அண்ணன் சொன்னதுதான் நான் பாக்கி வைத்த கால் பங்கு. ஜெயில் வேலிக்கும் பத்திரிகை நேரத்துக்கும் நடுவில் ஐம்பது வருட இடைவெளி இருக்கிறது. ஒன்றில் இருந்துதான் மற்றது பிறந்தது என்று சத்தியம் பண்ண ஆதாரம் போதாது. அகராதிக்காரர்களும் "இருக்கலாம்" என்கிற அளவில்தான் நிறுத்துகிறார்கள். அச்சு மேடைக் கோடு வழியாக வந்திருக்கலாம், வர்ஸ் விசாரணையின் ஞாபகம் ஒட்டிக்கொண்டே வந்திருக்கலாம், இரண்டும் சேர்ந்தும் இருக்கலாம். இணையத்தில் சுற்றுகிற படங்கள் மட்டும் ஜெயிலில் இருந்து நேராக ஆபீஸ் என்று ஒரே தாவாகத் தாவிவிடுகின்றன.

பக்கத்து சீட்டுக்காரர் சொன்ன பிரிட்டிஷ் சிப்பாய் கதைக்கு அடிப்படையே கிடையாது. அதை அவர் தன் சொந்தச் செலவில் தயாரித்திருக்கிறார்.

கோபி_சுபேதார்

வணக்கம். குன்னூர் வெலிங்டனில் பயிற்சி எடுத்து 24 வருடம் பட்டாளத்தில் இருந்துவிட்டு இப்போது கோபியில் மஞ்சளும் வாழையும் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஒரு வேடிக்கை சொல்கிறேன். ராணுவத்தில் பிறந்த வார்த்தை என்கிறீர்கள், ஆனால் என் சர்வீஸில் யாரும் என்னிடம் டெட்லைன் என்று சொன்னதாக ஞாபகம் இல்லை. "ஆறு மணிக்கு ஃபால் இன்" என்பார்கள், அதாவது வரிசையில் வந்து நில். ஆறு என்றால் ஐந்தே முக்காலுக்கு நிற்க வேண்டும், அவ்வளவுதான் பேச்சு.

அமெரிக்கப் படையில் அந்த வார்த்தைக்கு இன்றும் வேறொரு அர்த்தம் உண்டு. ஒரு வண்டியோ பீரங்கியோ பழுதாகி ஓட்டக்கூடாது என்று ஒதுக்கி நிறுத்தினால் அதை டெட்லைன் பண்ணிவிட்டார்கள் என்பார்கள். நம் மெக்கானிக் ஷெட்டில் ஓரமாகச் செங்கல் வைத்து நிறுத்தின டிராக்டர் இருக்கிறதே, அது டெட்லைனில் இருக்கிறது.

இதே மாதிரி, தாக்குதல் தொடங்குகிற நாளைச் சொல்கிற டி டே என்பதையும் எல்லோரும் தப்பாகச் சொல்கிறார்கள். அந்த டி-க்கு சாவும் இல்லை, முடிவும் இல்லை, டே என்பதன் முதல் எழுத்துதான். தேதி முடிவாகாத நாளுக்கு டி, மணிக்கு (ஹவர்) எச் என்று போட்டு உத்தரவு எழுதுவது 1918-லேயே அமெரிக்கப் படையில் இருந்தது. 1944-இல் பிரான்சின் நார்மண்டியில் நேசப் படைகள் இறங்கியதால் பேர் வாங்கிக்கொண்டது.

உங்கள் கம்பெனியில் மணிக்கு இத்தனை பீஸ் டார்கெட் என்று போர்டு மாட்டியிருப்பீர்களே, அதுவும் எங்கள் பக்கத்து வார்த்தைதான். டார்ஜ் என்றால் கேடயம், டார்கெட் என்றால் சின்னக் கேடயம். அம்பு விடுகிற குறிக்குப் பிறகுதான் அந்தப் பேர் வந்தது. அடி வாங்குகிற சாமான் என்று பார்த்தால் உங்கள் டெய்லர்களுக்குப் புரியும்.

தாளவாடி_மல்லிகை

கெடு விஷயத்துக்கு யாருமே வரவில்லை, அதனால் நான் வருகிறேன். எங்கள் ஊர் சத்தியமங்கலத்துக்கு மேலே, வீட்டில் கன்னடம், சந்தையில் தமிழ். கன்னடத்தில் இன்ன தேதிக்குள் என்று வைப்பதற்குக் "கடுவு" என்றுதான் பேர், க-வைக் கனமாகச் சொல்லணும், கங்கையில் வருகிற மாதிரி. தெலுங்கிலும் அதே கடுவுதான். இந்த இரண்டு மொழியிலும் அதற்கும் கெட்டுப்போவதற்கும் ஒட்டு உறவு இல்லை. நம் கெடுவும் அந்தக் குடும்பத்துப் பிள்ளைதான் என்று நினைக்கிறேன். தவணை, குறித்த காலம் என்ற அர்த்தத்தில் அது தனிச் சொல்லாக நிற்கிறது, பால் கெட்டுப்போனதில் வருகிற கெடு வேறு. உச்சரிப்பு ஒன்றாகப் போனதால் உங்கள் அயர்ன் மாஸ்டருக்குப் பயம் வந்துவிட்டது.

ஆனால் எங்கே எதைச் சொல்கிறோம் என்று கவனித்துப் பாருங்கள். கெடு எப்போதும் மேலே இருக்கிறவர் வைப்பது. கடன் கொடுத்தவர் கெடு வைப்பார், பஞ்சாயத்தில் கெடு வைப்பார்கள். நாமாகக் கேட்டு வாங்குவது வாய்தா, அது கோர்ட்டில் இருந்து வந்த உருது வார்த்தை, அந்தப் பக்கம் வாதா என்றால் கொடுத்த வாக்கு. நம்மிடம் வந்து தள்ளிப்போடுவது என்று ஆகிவிட்டது! சீட்டுப் பணம், வண்டிக் கடன் என்றால் தவணை. பத்திரிகைகளில் காலக்கெடு என்று எழுதுகிறார்கள், அது நன்றாகத்தான் இருக்கிறது, கெடுவுக்கு முன்னால் காலம் நின்றுகொள்வதால் யாரும் கெட்டுப்போவதாக நினைப்பதில்லை. "இறுதிக் கெடு" என்றால் எனக்கு ஜப்தி நோட்டீஸ் மாதிரி இருக்கிறது.

டெட்லைனை அப்படியே "சாக்கோடு", "மரணக்கோடு" என்று மாற்றி எழுதுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவு செய்து வேண்டாம். சாவு அந்த வார்த்தைக்குள் இருப்பதே இங்கிலீஷ்காரர்களுக்கே மறந்துபோயாச்சு, நாம் ஏன் தோண்டி எடுக்க வேண்டும்?

கொடுமுடி_குமார்

வாய்தா சூப்பருங்க. எங்களுக்குத் தைச்சுக் கொடுக்கிற பவர்டேபிள் ஓனர் வாரம் ஒரு வாய்தா வாங்குறாரு.

ஓவர்லாக்_திருப்பூர்

எல்லோருக்கும் ரொம்ப நன்றிங்க. ஆண்டர்சன்வில் கதையை அந்தப் பொண்ணிடம் சொன்னேன், கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அந்தத் தண்ணி பிடிக்கப் போனவங்கதாண்ணா பாவம்" என்றது. பக்கத்து சீட்டுக்காரர் அந்தப் பிரிட்டிஷ் சிப்பாயை இன்னும் விடவில்லை.

வாத்தியார் சொன்ன கற்பனைக் கோடுதான் மண்டையில் ஓடிக்கொண்டே இருக்கிறது. எங்கள் பிழைப்பிலும் பாதி அப்படித்தான். துணி வாங்குகிற பையர் மெயிலில் ஒரு தேதி, முதலாளி அதற்கு ஒரு வாரம் முன்னால் ஒரு தேதி, நான் சாயப்பட்டறையில் சொல்வது அதற்கும் நாலு நாள் முன்னால் ஒரு தேதி. பட்டறைக்காரருக்கு இது தெரியும், அவர் அதற்குத் தகுந்த மாதிரிப் பின்னால் தள்ளிக்கொள்வார். கடைசியில் நிஜக் கோடு எங்கே என்று யாருக்கும் தெரியாமல், கப்பலைக் கோட்டை விட்டு, சொந்தச் செலவில் ஃப்ளைட்டில் அனுப்பி, அந்த ஆர்டரில் லாபம் மொத்தமும் போன கதை இரண்டு முறை நடந்திருக்கிறது.

அதனால் போர்டில் கெடுவும் வேண்டாம், டெட்லைனும் வேண்டாம் என்று விட்டுவிட்டேன். "24ஆம் தேதி காலை 10 மணிக்கு லாரி கிளம்பும்" என்று எழுதியிருக்கிறேன். அயர்ன் மாஸ்டர் படித்துப் பார்த்துவிட்டு, "நிஜமாவே 24ஆ, இல்ல 28ங்களா?" என்று கேட்டார்.

ஈயஎழுத்து

என்ன சொன்னீர்கள்?

ஓவர்லாக்_திருப்பூர்

26 என்று சொல்லிவிட்டேனுங்ணா. யாரிடமும் சொல்ல வேண்டாம் என்றும் சொல்லியிருக்கிறேன்.